தட்டைத் திருப்பிப் பார்க்கும் ஊர்

இங்கிலாந்தில் பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட். அந்த ஊர்க்காரரை வெளியூரில் அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. ஹோட்டலில் தட்டை வைத்ததும், சாப்பாடு வருவதற்குள் அதைத் தூக்கித் திருப்பி அடியில் என்ன முத்திரை என்று பார்ப்பார். தன் ஊர்ச் சரக்கு என்றால் ஒரு தலையசைப்பு. இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கீழே வைப்பார். இவர்களுக்கு ‘டர்னோவர் கிளப்’ என்று ஒரு பெயரே இங்கே உண்டு. சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. சில வருடம் இங்கே குடியிருந்தால் நமக்கும் தொற்றிக்கொள்ளும். போன முறை ஊரில் ஒரு கல்யாண வீட்டில் காலி காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன மாப்ளே, ஒழுகுதா?” என்று கேட்டார் பக்கத்தில் இருந்த மாமா.

என் மனைவிக்கு இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துத்தான் இந்த ஊருக்கு வந்தோம். எனக்கு வேர்ஹவுஸில் வேலை. எங்களைப் போல ஆஸ்பத்திரி வேலைக்கும், இங்குள்ள பல்கலைக்கழகத்திலும் பக்கத்தில் கீலிலும் படிக்கவும் வருகிற தமிழர்கள் இப்போது நிறைய. வந்த முதல் மாதத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: “இங்க பார்க்க ஒண்ணுமே இல்லையே.” சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூட்டிய கடைகள், கூரை இழந்த ஆலைகள், நடுநடுவே ஒன்றும் கட்டாத பொட்டல்கள். யார்க் மாதிரியோ பாத் மாதிரியோ போட்டோவுக்கு நிற்கிற ஊர் இல்லை இது. இதன் பெருமை தட்டின் முத்திரை இருக்கிற அதே இடத்தில், அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொழிலையும், இங்கே குடியிருக்க வருகிறவர்களுக்கு உதவக்கூடிய சில விஷயங்களையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் வழி. ஸ்டோக் என்பது ஒரே ஊர் இல்லை, ஆறு ஊர். வடக்கிலிருந்து தெற்காக டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். 1910இல் இந்த ஆறையும் ஒரே நகராட்சியாக இணைத்தார்கள், 1925இல் மாநகர அந்தஸ்து வந்தது. ஆனால் மனதளவில் இன்னும் இணையவில்லை. பர்ஸ்லெம்காரர் தன்னை ஸ்டோக்காரர் என்று சொல்லிக்கொள்ள யோசிப்பார். இந்த வட்டாரத்தைக் கதையாக எழுதிப் புகழ்பெற்ற ஒரு நாவலாசிரியர் ஃபென்டனை விட்டுவிட்டு ‘ஐந்து ஊர்கள்’ என்றே எழுதிவிட்டுப் போனார். அந்த வருத்தம் ஃபென்டனில் இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இதில் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், ரயில் நிலையம் இருப்பது ஸ்டோக்கில், கடைத்தெருவும் பேருந்து நிலையமும் இருப்பது ஹான்லியில். ‘சிட்டி சென்டர்’ என்று பலகை சொல்வது ஹான்லியைத்தான். வாடகைக்கு வீடு பார்க்கும்போது விளம்பரத்தில் ‘ஸ்டோக்’ என்று மட்டும் இருந்தால், ஆறில் எது என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று: ஒட்டினாற்போல இருக்கிற நியூகாசில்-அண்டர்-லைம் தனி ஊர், இணைப்புக்கு அன்றே உடன்படாத ஊர். வடகிழக்கில் டைன் நதிக்கரையில் இருக்கிற நியூகாசிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே, சதுக்கத்தின் நடுவில், கையில் ஒரு ஜாடியோடு ஒருவர் சிலையாக நிற்பார். ஜோசையா வெட்ஜ்வுட். 1730இல் பர்ஸ்லெமில், குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த அம்மையால் ஒரு முழங்கால் கெட்டுப்போய், சக்கரத்தைக் காலால் மிதித்து வனைய முடியாமல் போனது. 1768இல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். வனைய முடியாதவர் மண்ணையும், பாத்திரத்தின்மேல் கண்ணாடிபோலப் படிகிற பூச்சான மெருகையும் சோதித்துப் பார்ப்பதில் இறங்கினார். மறு வருடமே எட்ரூரியா என்ற பெயரில் பெரிய ஆலையைத் திறந்தார். ரஷ்ய மகாராணி கேதரினுக்குத் தவளைச் சின்னம் போட்ட விருந்துப் பாத்திரங்கள் செய்து அனுப்பியதும் அவர்தான், 1787இல் அடிமை வணிகத்துக்கு எதிராகச் சங்கிலியோடு மண்டியிட்ட மனிதனின் உருவம் போட்ட பதக்கம் செய்து விநியோகித்ததும் அவர்தான். சரக்கில் குறை கண்டால் மரக்காலாலேயே உடைத்துப்போடுவார் என்று இங்கே இன்னும் கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த கதை அது.

ஏன் இந்த ஊரில் இந்தத் தொழில் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. கடல் கிடையாது, பெரிய ஆறு கிடையாது, வெள்ளைப் பீங்கானுக்கு வேண்டிய மண்கூட இங்கே கிடையாது. இங்கே கிடைக்கிற மண் சிவப்பு. வெள்ளை மண் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வர வேண்டும். விடை நிலக்கரி. பாத்திரத்தைச் சுட மண்ணின் எடையைப்போலப் பல மடங்கு நிலக்கரி எரிக்க வேண்டியிருந்தது. நிலக்கரியை மண்ணிடம் தூக்கிப் போவதைவிட மண்ணை நிலக்கரியிடம் கொண்டுவருவது லாபம். அதற்கு வழியாக வந்ததுதான் ட்ரெண்ட்-மெர்சி கால்வாய். அதுவரை குதிரை முதுகில் ஏற்றிக் குண்டும் குழியுமான பாதையில் போய், பாதிச் சரக்கு உடைந்து சேரும். வெட்ஜ்வுட்டும் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியும் சேர்ந்து இந்தத் திட்டத்துக்கு அலைந்தார்கள். 1766இல் முதல் மண்ணை வெட்டியது வெட்ஜ்வுட்தான். 1777இல் கால்வாய் முழுதாகத் திறந்தபோது பிரிண்ட்லி உயிரோடு இல்லை. அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதாகச் சொல்லப்படும் பர்ஸ்லெம் விடுதி ‘லெப்பர்ட்’ 2022 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. பல வருடமாக இருந்த கட்டடம் ஒரு ராத்திரியில் போயிற்று. இந்த ஊரில் பாரம்பரியத்துக்கு ஆபத்து புல்டோசரைவிட, யாரும் இல்லாமல் பூட்டிக் கிடப்பதில்தான் அதிகம்.

சரி, பாத்திரம் செய்வதற்கு வருவோம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. வேர்ஹவுஸில் என்னோடு பேக்கிங் மேசையில் நின்ற ஒரு அம்மா. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு பாட்பேங்க்கில் வேலைக்குச் சேர்ந்தவர். பீங்கான் ஆலையை இங்கே யாரும் ஃபாக்டரி என்று சொல்வதில்லை, பாட்பேங்க்தான். ஆலை மூடியதும் எங்களோடு வந்து சேர்ந்தார். அவர் பெட்டியில் கண்ணாடிச் சாமான் அடுக்குகிற அழகே தனி. ஒரு காகிதம் அதிகம் ஆகாது, ஒன்று குறையாது. “டக், நீ கையால தூக்குறே. விரல் நுனியால தூக்கு,” என்பார். இங்கே ஆண் பெண், சின்னவர் பெரியவர் எல்லோருமே ‘டக்’தான். பேருந்து ஓட்டுநரும் அப்படித்தான் கூப்பிடுவார், டாக்டரிடம் வருகிற நோயாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். மனைவிக்கு வார்டில் ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது வீட்டில் என்னையே அப்படிக் கூப்பிடுகிறாள்.

அந்த அம்மா பாட்பேங்க்கில் செய்தது ட்ரான்ஸ்ஃபர் வேலை, அதாவது காகிதத்தில் அச்சான சித்திரத்தைப் பாத்திரத்துக்கு மாற்றுவது. அதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் மிடில்போர்ட் பாட்டரிக்குப் போ என்றார். போனோம். பர்ஸ்லெமுக்குக் கீழே கால்வாய்க் கரையில் இருக்கிறது, 1880களின் கடைசியில் கட்டியது. மண் ஒரு முனையில் படகில் வந்து இறங்கி, ஒவ்வொரு அறையாக நகர்ந்து, பெட்டி கட்டிய சரக்காக அதே கால்வாய்க்கு வந்து சேரும்படி திட்டமிட்டுக் கட்டிய ஆலை. விழுந்துபோகும் நிலையில் இருந்ததை 2011இல் ஒரு அறக்கட்டளை வாங்கிப் பழுதுபார்த்து, 2014இல் மறுபடி திறந்தது. பர்லீ என்ற பெயரில் பாத்திரம் இன்றும் அங்கேதான் தயாராகிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. காட்சிக்கு வைத்த ஆலை இல்லை, ஷிஃப்ட் ஓடுகிற ஆலை.

அங்கே பார்த்தது இது. செதுக்கிய செம்பு உருளையில் நீல மையை ஏற்றுகிறார்கள். மை என்றால் எண்ணெயில் குழைத்த உலோகச் சாயம், கெட்டியாக இருக்கும், சூடுபடுத்தினால்தான் இளகும். அதன்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதம் ஓடி, முழுநீளச் சித்திரமாக வெளியே வருகிறது. ஒரு பெண் அதைக் கத்தரித்து, சுட்டு இன்னும் மெருகு போடாத கோப்பையின்மேல் ஒட்டுகிறார். கோப்பையோ வளைவு, காகிதமோ தட்டை. கைப்பிடி வரும் இடத்தில் பூ பாதியில் வெட்டுப்படக் கூடாது, ஒட்டுவாய் தெரியக் கூடாது. இரண்டு கத்தரிப்பு, ஒரு இழுப்பு, அவ்வளவுதான், சித்திரம் போய் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் தேய்க்க வேண்டும். முரட்டு மயிர் பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்பு தொட்டு, கோப்பையை மடியோடு அணைத்துக்கொண்டு, முழுப் பலத்தையும் போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்த்தபின் தண்ணீரில் போட்டால் காகிதம் கரைந்து நழுவிவிடும், சாயம் மண்ணிலேயே தங்கிவிடும். இப்படி டிஷ்யூ ஒட்டிச் செய்கிற ஆலை இப்போது இது ஒன்றுதான் என்கிறார்கள். திரும்பி வந்து அந்த அம்மாவிடம் சொன்னபோது தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். “முப்பது வருஷம் தேய்ச்ச தோள் இது,” என்றார். பெருமையா வலியா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

நீங்கள் போவதானால் வார நாளில் காலையில் போங்கள். சனி ஞாயிறு போனால் கடையும் கேன்டீனும் திறந்திருக்கும், ஆனால் மேசைகள் காலியாக இருக்கும். இந்த ஊரில் எந்த ஆலைக்கும் இது பொருந்தும்.

புட்டி வடிவத்தில் வானத்தை நோக்கி நிற்கும் செங்கல் சூளைகள்தான் ஸ்டோக்கின் முகம். ஒரு காலத்தில் இரண்டாயிரம் அளவில் இருந்தன. இப்போது ஐம்பதுக்கும் குறைவு. வெளியே தெரிகிற புட்டி வெறும் புகைக்கூண்டுதான். சூளை அதற்குள்ளே தனியாக இருக்கிறது. உள்ளே போய் நின்று பார்க்க லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இடிக்க இருந்த ஆலையை 1970களில் காப்பாற்றி அப்படியே வைத்திருக்கிறார்கள். சூளையில் பாத்திரத்தை நேரடியாக நெருப்புக்குக் காட்ட மாட்டார்கள். ‘சாகர்’ என்கிற முரட்டு மண் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டிமேல் பெட்டியாகக் கூரை வரை ஏற்றுவார்கள். ஏற்றுகிறவர் ‘பிளேசர்’. நிரம்பிய சாகர் இருபத்தைந்து கிலோ வரை இருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவார். தலைக்கு மேலே பழைய காலுறைகளைச் சுருட்டித் திணித்த தொப்பி. அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்ததும் என் மகளிடம் “இது சும்மாடு” என்றேன். அவளுக்குச் சும்மாடும் தெரியவில்லை, அது வேறு கதை. அந்தச் சாகரின் அடித்தட்டுக்காக இரும்பு வளையத்தில் மண்ணைப் போட்டு மரச்சுத்தியால் அடித்துப் பரப்புகிற பையனுக்குப் பதவிப் பெயர் ‘சாகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர்’. இந்த ஊரில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்றால் இதைச் சொன்னால் போதும், சிரித்துவிட்டு அவர்கள் குடும்பத்தில் யார் எந்த வேலை பார்த்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சூளைக்குத் தீ வைத்தால் இரண்டு மூன்று நாள் எரியும். ஆற இன்னும் இரண்டு நாள். முதலாளிக்கு அவசரம் என்றால் முழுக்க ஆறுவதற்குள், ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் உள்ளே போய்ச் சரக்கை இறக்குவார்கள். இத்தனை சூளையும் புகையும்போது பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருந்ததாம். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மின்சார, காஸ் சூளைகள் வந்தன. வழிமுறை மறந்துபோகக் கூடாது என்று 1978இல் லாங்டனில் கடைசியாக ஒருமுறை நிலக்கரி போட்டு ஒரு சூளையை எரித்துப் படம் பிடித்து வைத்தார்கள்.

இதையெல்லாம் அழகான பழைய காலம் என்று மட்டும் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மண்ணில் கலக்கிற ஃபிளின்ட் கல்லின் தூசி நுரையீரலில் போய்ப் படிந்து ஆளைக் கொல்லும். ‘பாட்டர்ஸ் ராட்’ என்று அதற்குப் பெயர். மெருகில் ஈயம். பாத்திரத்தை மெருகில் முக்கி எடுக்கிறவர்களுக்கு ஈய நஞ்சு. குழந்தைகள் தட்டு அச்சைத் தூக்கிக்கொண்டு வனைகிறவரின் மேசைக்கும் கொதிக்கிற உலர்த்தும் அறைக்கும் நடுவே நாள் முழுக்க ஓடினார்கள். 1840களின் தொடக்கத்தில் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அரசு ஆய்வாளர் வந்து அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதிய அறிக்கை இருக்கிறது. இருந்தும் தொழிற்சாலைச் சட்டம் இந்தத் தொழிலுக்கு நீண்டது 1864இல்தான். ட்ரெண்ட் நதியின் கதையும் இதேதான். கீழே ட்ரெந்தமில் இருந்த சதர்லாந்து பிரபுவின் மாளிகை, ஆற்று நாற்றம் தாங்காமல் கைவிடப்பட்டு 1910களில் இடிக்கப்பட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகும் ட்ரெந்தம் தோட்டத்தில் வீடு ஏன் இல்லை என்று யோசித்தால் விடை இதுதான்.

இனி வீட்டுக்கு உபயோகமான விஷயங்கள். ஆலைக் கடைகளில் ‘செகண்ட்ஸ்’ என்று சின்னக் குறையுள்ள சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கும்போது உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, ‘டப்’ என்றால் எங்கோ கீறல் இருக்கிறது, வேண்டாம். மெருகில் ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சித்திரம் கோணலாக இருப்பதெல்லாம் குறையே இல்லை, நம் குழம்புக்கு அது தெரியாது. எர்தன்வேர் என்கிற சாதாரணப் பீங்கானில் வருடங்கள் போகப்போக மெருகில் மயிரிழை வெடிப்பு விழும். மஞ்சளும் எண்ணெயும் அதற்குள் இறங்கினால் எதைப் போட்டாலும் போகாது. தினசரி சாம்பாருக்கு அது சரிப்படாது. போன் சைனா தாங்கும். கையில் பிடித்து விளக்கைப் பார்த்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரியும், அதுதான் அதற்கு அடையாளம். ஆனால் ஒன்று. போன் சைனாவில் ஏறக்குறைய பாதி, சுட்டுப் பொடித்த மாட்டெலும்புச் சாம்பல். அந்தக் கலவையை 1790களில் இந்த ஊரில் ஜோசையா ஸ்போட் ஆலையில்தான் ஒரு முறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் இதனால் ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது சுத்த சைவ வீட்டுக்கு டீ செட் பரிசு கொடுக்கிறவர்கள் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

பழைய சாமான் கடைகளிலும் ஞாயிறு சந்தைகளிலும் அந்தக் காலப் பாத்திரம் சல்லிசாகக் கிடைக்கும். அடியைத் திருப்புங்கள். வைர வடிவக் கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. ‘இங்கிலாந்து’ என்று மட்டும் போட்டிருந்தால் அநேகமாக 1891க்குப் பிறகு, அமெரிக்கா இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகு. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், ஷெல்ஃபில் வையுங்கள். சாப்பிட வேண்டாம். பழைய மெருகில் ஈயம் இருக்கும், புளிப்பு பட்டால் கரையும். புளிக்குழம்பும் ஊறுகாயும் சாப்பிடுகிற நாம் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஈயம் என்றதும் தோட்டம் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெந்தயக்கீரை போடலாம் என்று கொத்தினால், ஒரு கொத்துக்கு ஒரு ஓடு வந்தது. நீலப் பூ போட்ட தட்டுத் துண்டு, கோப்பைக் காது, மூன்று முள் உள்ள சின்ன மண் முக்காலி. பாத்திரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சூளையில் வைக்கிற முட்டு அது. மகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். மண் வெட்டி எடுத்த பள்ளங்களை உடைந்த பாத்திரங்களால் நிரப்பி அதன்மேலேயே வீடு கட்டிய இடங்கள் இங்கே ஏராளம். பார்க்க அழகு, கீரை போட ஆகாது. மரச்சட்டம் அடித்து, கடையில் வாங்கின மண்ணைக் கொட்டி அதில் போடுங்கள்.

வீடு வாங்குகிறவர்களுக்கு: விலை இங்கிலாந்தின் பல இடங்களைவிடக் குறைவுதான். 2013இல் கோப்ரிட்ஜ் பகுதியில் பூட்டிக் கிடந்த வீடுகளை நகராட்சி ஒரு பவுண்டுக்கே விற்றது, பழுதுபார்க்கக் கடனும் கொடுத்தது. குறைந்த விலைக்குக் காரணங்களில் ஒன்று கால்களுக்குக் கீழே இருக்கிறது. ஆறு ஊருக்கும் அடியில் நிலக்கரி எடுத்த சுரங்கங்கள். டன்ஸ்டாலுக்கு அந்தப் பக்கம் இருந்த சாட்டர்லி விட்ஃபீல்ட் சுரங்கம் 1937இல் ஒரே வருடத்தில் பத்து லட்சம் டன் எடுத்தது. பிரிட்டனில் அந்த அளவைத் தொட்ட முதல் சுரங்கம். எனவே வக்கீல் எடுத்துத் தரும் கோல் மைனிங் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாமல் படியுங்கள். பழைய சுரங்க வாய் பக்கத்தில் உண்டா, முன்பு நிலம் இறங்கியதற்கு நஷ்டஈடு வாங்கியிருக்கிறார்களா என்பது அதில் இருக்கும். சர்வேயரிடம் ஜன்னல் மேல் விரிசல் சாய்வாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய பழைய டெரஸ் வீடுகளின் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. குளிர்காலத்தில் இட்லி வேகும்போது ஜன்னலைச் சாத்திவைத்தால் மார்ச்சில் சுவர் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

சாப்பாட்டில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்டாஃபர்ட்ஷயர் ஓட்கேக். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, கல்லில் ஊற்றி எடுத்தது. நம்மவர்கள் எல்லோரும் முதல் வாய்க்குச் சொல்வது “தோசை மாதிரி”தான். மாதிரிதான், ஆனால் முறுகலாக இருக்காது, மெத்தென்று இருக்கும். சீஸ் வைத்துச் சூடாக்கி மடித்துத் தருவார்கள். பெரும்பாலானோர் பேக்கனும் சேர்ப்பார்கள். வேண்டாம் என்றால் சீஸும் வெங்காயமும் கேளுங்கள். கடைகள் மதியத்தோடு மூடிவிடும். ஞாயிறு காலை வரிசை நிற்கும், அந்த வரிசையில் கேட்கிற பேச்சுக்காகவே நிற்கலாம். இந்த ஊர்க் கால்பந்து அணிகளில் ஸ்டோக் சிட்டியா போர்ட் வேலா என்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஸ்டான்லி மேத்யூஸ் என்று மட்டும் சொன்னால் இரண்டு பக்கமும் சமாதானம். ஐம்பது வயது வரை ஆடிய ஹான்லிக்காரர்.

எல்லாம் இனிமை என்று எழுதினால் பொய். 2024 ஆகஸ்டில் ஹான்லியில் குடியேறிகளுக்கு எதிரான கலவரம் நடந்தது. அந்த வாரம் ராத்திரி ஷிஃப்டுக்குப் பேருந்தில் போக எனக்கு மனம் வரவில்லை. பேக்கிங் மேசையில் இருந்த இன்னொருவர் தானாகவே வந்து வாசலில் காரை நிறுத்தினார். அரசியலில் அவரும் நானும் எதிர்ப்பக்கம், அவர் அதை மறைத்ததும் இல்லை. காரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்தடுத்த நாளும் வந்தார். இந்த ஊரின் குணம் எது என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்லத் தோன்றுகிறது.

தொழில் செத்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை, மூச்சு வாங்குகிறது. ராயல் டால்டனின் பர்ஸ்லெம் ஆலை 2005இல் மூடியது, ஸ்போட் ஆலை 2008இல். சூளைக்கு காஸ் வேண்டும், காஸ் விலை ஏறினால் இங்கே வேலை போகிறது. 2025இல் மட்டும் ராயல் ஸ்டாஃபர்ட் மூடியது, மூர்கிராஃப்ட் மூடியது. மூர்கிராஃப்ட்டை நிறுவியவரின் பேரனே வாங்கிச் சில மாதங்களில் மறுபடி திறந்தார். பெரிய ஹோட்டல்களுக்குத் தட்டு செய்கிற ஆலைகள் இன்னும் ஓடுகின்றன. அடுத்த முறை ஏதாவது நல்ல ஹோட்டலில் சாப்பிடும்போது திருப்பிப் பார்த்தால் தெரியும்.

ஒருநாள்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது வந்தால் நான் அழைத்துப்போகிற வழி இது. காலையில் ஹான்லி அருங்காட்சியகம், அனுமதி இலவசம். பீங்கான் பகுதியைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். 2009இல் வயலில் கிடைத்த ஆங்கிலோ-சாக்ஸன் தங்கப் புதையலில் ஒரு பங்கும் அங்கே இருக்கிறது. பிறகு பேருந்தில் பர்ஸ்லெம். அங்கே வெட்ஜ்வுட் இன்ஸ்டிட்யூட் என்ற கட்டடத்தின் முகப்பில் வனைவதும் சுடுவதுமாகத் தொழில் முழுவதையும் சுடுமண் பலகைகளில் வடித்திருக்கிறார்கள். 1869இல் திறந்தது. அதை வடிவமைத்ததில் பங்கு உள்ள ஜான் லாக்வுட் கிப்ளிங் பின்னால் பம்பாய் கலைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். நிமிர்ந்து பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கும். அங்கிருந்து இறங்கி மிடில்போர்ட், அப்புறம் கால்வாய்க் கரையோடு வடக்கே நடை. கரை தட்டைதான், வயதானவர்களும் நடக்கலாம், மழைக்குப் பின் சேறாக இருக்கும் என்பதால் நல்ல ஷூ போடுங்கள். வழியில் வெஸ்ட்போர்ட் ஏரியில் கழிவறையும் டீயும் உண்டு. இன்னும் போனால் ஹேர்காசில் சுரங்கக் கால்வாய், தாமஸ் டெல்ஃபர்ட் 1827இல் முடித்தது. பக்கத்திலேயே பிரிண்ட்லி காலத்துப் பழைய வாய், மூடிக் கிடக்கிறது. அங்கே தண்ணீர் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும், யாரும் சாயம் கொட்டவில்லை, பாறையில் உள்ள இரும்பு. திரும்பி வர டன்ஸ்டால் பக்கம் ஏறினால் ஹான்லிக்குப் பேருந்து கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.